முன்கடற்கரை, பின்கடற்கரை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. சன்னல் பக்கம் வேணும்னா சொல்லுங்க, நான் இங்கிட்டு நகந்துக்கிடுதேன். எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். என் வீட்டுக்காரிதான ஒங்கள எந்திரிச்சுப் போகச் சொன்னா? எனக்குத் தெரியும். புதுசாக் கல்யாணம் முடிச்ச புள்ளைகளப் பிரிச்சு விட்டுட்டு, ஒங்க வீட்டுக்காரி பக்கத்துல போய் அவ உக்காந்துகிட்டா. ஒங்களுக்கும் மறுக்க முடியல்ல, பெரிய மனுசி கேக்காளேன்னு எந்திரிச்சு வந்துட்டீய. ஒண்ணும் நெனைக்காதீய.

சைகோன் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவுமாம். அது வரைக்கும் இந்தக் கெழவன் பேச்சக் கேக்கணும்னு ஒங்க தலையெழுத்து. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன். எனக்குப் பேசாம வர முடியாது. ஹார்பர்ல சரக்குத் தூக்குத விஞ்சு ஓட்டுனவன் பாத்துக்கிடுங்க, அந்தச் சத்தத்துல கத்திக் கத்திப் பேசியே பழகிட்டு. தூத்துக்குடி ஹார்பர். காஸ்பர் மோத்தான்னு கேட்டா அங்க எவனும் சொல்லுவான்.

இந்த டூர்ல ஒரு கொறையா, ரெண்டு கொறையா? ஏகப்பட்ட கொற. சாப்பாட்டயே எடுத்துக்கிடுங்க. இது கடலோர ஊரு. தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் தொட்டில நண்டும் மீனும் உசுரோட நீந்துது. நம்மாளுக என்ன செய்தாவ? மதுரைல இருந்து ஒரு மாஸ்டரக் கூட்டிட்டு வந்து, கடற்கரைல பாயப் போட்டு, தயிர்சாதமும் மாவடுவும் போடுதாவ. நேத்து நான் பொறுக்க மாட்டாம ஒரு கடைல போய் நின்னேன். நம்ம குழிப்பணியாரம் மாதிரிதான், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு எறால வச்சுத் தாரான். நல்லாருந்துச்சு. ரெண்ட எலையில சுத்தி அவளுக்குக் கொண்டுட்டு வந்தேன். அவ வாங்கல்ல. மீன்காரக் குடும்பத்துல பொறந்தவ, பதினோரு மாசமா மீனத் தொட மாட்டேங்கா தம்பி. கடல்ல இருந்து வந்தது எதுவும் அவ வாயில எறங்காது. இது என்ன கிறுக்குன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன். 

நீங்க நேத்து சாயங்காலம் பாத்தீயள்ளா, நான் தண்ணிக்குள்ள ஓடுனத? பின்கடற்கரைல. செருப்பும் சட்டையுமா ஓடுனேனே. நம்ம கூட்டத்துல ஒருத்தர், நான் தண்ணியப் போட்டுட்டு ஓடுதேன்னு சொன்னாராம். என் காதுலயும் விழுந்துச்சு. நான் குடிக்க மாட்டேன் தம்பி. ஓடுனதுக்கு ஒரு காரணம் இருக்கு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எவன் கோட்டி, எவன் புத்தி உள்ளவன்னு.

எனக்கு ஒரே மகன். ரெமி. ரெமிஜியுஸ்னு ஞானஸ்நானப் பேரு, வீட்ல ரெமி. ஒங்க வயசுதான் இருக்கும், ஒங்கள விடக் கொஞ்சம் ஒசரம். கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேல. போன கிறிஸ்மஸ் முடிஞ்சு அவன் கப்பல் சைகோன்ல சரக்க எறக்கிட்டு, ஆத்து வழியா வெளிய வந்து, அடுத்த உத்தரவு வார வரைக்கும் இந்த ஊருக்கு எதிர்த்தாப்புல நங்கூரம் போட்டு நின்னுருக்கு. ஆமா, இந்த வுங் தாவ்தான். நாம இப்ப விட்டுட்டு வாரோமே, இதே ஊரு. முன்கடற்கரைல நின்னு பாத்தீயள்ளா, தூரத்துல வரிசையாக் கப்பலுங்க நின்னுச்சே, அந்த எடம். ராத்திரி உத்தரவு வந்து கப்பல் கெளம்பிட்டு. மறுநா மத்தியானம் எண்ணிப் பாத்தா ஆள் ஒண்ணு கொறையுது. அப்ப கப்பல் நடுக்கடல்ல. அங்கனயே சுத்திச் சுத்தித் தேடுனாங்களாம், கெடைக்கல்லன்னு எழுதி முடிச்சிட்டாவ.

நடுக்கடல்ல தேடுனா எப்படிக் கெடைப்பான்? இத நான் கம்பெனிக்காரன்கிட்டயே கேட்டேன்.  அவன்கூட ஒரே ரூம்ல படுத்த கொல்லத்துப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். கண்ணெல்லாம் செவந்து போய் ஒக்காந்துருந்தான், பாவம். அவன்தான் சொன்னான். அன்னைக்கு ராத்திரி ரெமி மேல டெக்ல நின்னு ஊர் வெளிச்சத்தையே பாத்துட்டு இருந்தானாம். மலை மேல நிக்க சேசு சுரூபத்துக்கு வெளக்கு போட்ருப்பான்லா, அதக் காட்டி, "இங்கன இருந்து நீந்தியே போயிரலாம் போல இருக்கு"ன்னு சொன்னானாம்.

கேட்டீயளா? நீந்தியே போயிரலாம். அவன் வாயால சொன்னது. இதுக்கு மேல ஒரு ஆளு என்ன சொல்லணும்? நடுக்கடல்ல விழல்ல தம்பி, இங்கன எறங்கிட்டான். இந்த ஊர்லதான் எங்கயோ இருக்கான். ஒரு ஒர்க் ஷாப்புல ஸ்பேனர் புடிச்சிட்டு இருப்பான். அவனுக்கு அந்த வேலன்னா உசுரு. இந்த ஊர்ல எத்தன ஸ்கூட்டர் ஓடுது பாத்தீயளா? ரிப்பேரு பாக்க ஆள் வேணுமா இல்லையா?

அந்தக் கொல்லத்துப் பையன் சொன்னதத்தான் அவளும் கேட்டா. ஒரே வார்த்தைதான், ஒரே வீட்லதான் ரெண்டு பேரும் இருந்தோம். அவ அன்னைக்கே எந்திரிச்சுப் போய் முக்காடு போட்டுக்கிட்டு செவத்தப் பாத்து ஒக்காந்துட்டா.

அவ கான்வென்ட்ல டீச்சரா இருந்தவ. செலஸ்தீன் டீச்சர்னா எங்க தெருவுல மரியாத. நல்லா இங்கிலீஷ் பேசுவா. எனக்கு ஹார்பர் இங்கிலீஷ்தான், பேசுனா மேல தூக்கு, கீழ எறக்கு, நிறுத்து, அவ்வளவுதான், ஆனா அடுத்தவுக பேசுனா வெளங்கும். படிச்சவளுக்கு வெவரம் வெளங்கணும்லா? வெளங்கல்ல. பையன் போயிட்டான்னு அவளே முடிவு கட்டிட்டா. ஒடம்பு இல்ல, ஒரு சட்ட இல்ல, செருப்பு இல்ல, எத வச்சு முடிவு கட்டுத? ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைக்கணும்னு ஆரம்பிச்சா. நான் உசுரோட இருக்க வரைக்கும் அது நடக்காதுன்னு சொல்லிட்டேன். நான் மாசா மாசம் ரெமி நலமாத் திரும்பி வரணும்னு பூசைக்குக் குடுக்கேன். சாமியாரும் பீடத்துல நின்னு வாசிக்காரு. உசுரோட இருக்கவனுக்கு ஒரு பக்கம் நலப்பூசை, இன்னொரு பக்கம் எறந்தவன் பூசையா? ஊரு சிரிக்காதா?

போன மாசம் கல்லறைத் திருநாள் வந்துச்சு. ஒங்களுக்கு எப்படின்னு தெரியாது. எங்க ஊர்ல அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவுகவுக கல்லறையக் கழுவிப் பூ வச்சு மெழுகுதிரி பொருத்துவாவ. நானும் எங்கப்பா கல்லறைக்குப் போனேன். இவளக் காணல்ல. தேடுனா, தோட்டத்து நடுவுல ஒரு பெரிய சிலுவ நிக்கும், கல்லறை இல்லாதவுகளுக்கு, கடல்ல போனவுகளுக்கு எல்லாம் அங்கனதான் மெழுகுதிரி வைப்பாவ, அங்க முட்டிங்கால் போட்டுருக்கா. முன்னால ஒரு கட்டு மெழுகுதிரி, அத்தனையும் பொருத்தி வச்சிருக்கா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். அத்தன பேருக்கு முன்னால குனிஞ்சு ஒண்ணொண்ணா ஊதி அணைச்சேன்.  அவ அணைஞ்ச திரிகளப் பெறக்கி முந்தானைல முடிஞ்சுகிட்டு எந்திரிச்சு வந்துட்டா. நான் செஞ்சதுல என்ன தப்பு? உசுரோட இருக்கவன் பேருக்கு மெழுகுதிரி வைக்கது எவ்வளவு பெரிய தோஷம்!

அதுக்குப் பொறவுதான் இந்த டூர் நோட்டீச பேப்பர்ல பாத்தேன். எட்டு எடம் போட்டுருந்தான், அதுல வுங் தாவும் ஒண்ணு, ஒரு ராத்திரி தங்கல். தனியா வாரதுக்கு நமக்கு என்ன பாஷையா தெரியும்? நாலு பேரோட வந்தா வந்த மாதிரி. அவகிட்ட மெல்லப் பேச்செடுத்தேன். வர மாட்டா, சண்ட போடுவான்னு நெனச்சேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல்லியே. "நானும் வாரேன்"னா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அப்பாடா, இப்பவாது நம்ம பேச்ச நம்புனாளேன்னு மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்பத் தெரியுது, அவ தேட வரல்ல.

இருங்க, தண்ணி குடிச்சிக்கிடுதேன். நீங்களும் குடிங்க. இங்க உள்ள தண்ணி நல்லாத்தான் இருக்கு.

நேத்து முதல்ல முன்கடற்கரைல எறக்கி விட்டாவ. அரை மணி நேரம்னாரு மேனேஜரு. நம்மாளுக எல்லாரும் போட்டோ எடுக்கப் போயிட்டாவ. நான் ரெமி போட்டோவ எடுத்துகிட்டு எளநீ விக்கவ, மீன் கருவாடு விக்கவ, சைக்கிள் ரிக்ஷாக்காரன் எல்லார்ட்டயும் காட்டுனேன். இந்த ஊர்க்காரங்க நல்ல மனுசங்க தம்பி. ஒருத்தன்கூட மூஞ்சியச் சுளிக்கல்ல. போட்டோவ வாங்கி ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துட்டு, இல்லன்னு தலைய ஆட்டிட்டு, திருப்பியும் ரெண்டு கையாலத் தந்தாங்க. ஒரு பொம்பள என் தோளத் தட்டிக் குடுத்து ஒரு எளநீய வெட்டித் தந்தா. காசு வாங்கல்ல. எனக்குத்தான் கோவம் வந்துச்சு. நான் என்ன ஆளு செத்த துட்டி வீட்டுல இருந்தா வாரேன், தட்டிக் குடுக்கதுக்கு?

பொறவு மலை மேல சேசு சுரூபம். அத்தன படி ஏறுனீயளே, நானும் ஏறுனேன். எனக்கு முட்டு வலி, ஆனாலும் விடல்ல. உள்ள போய், சுரூபத்துத் தோள் வரைக்கும் போய் நின்னு பாத்தேன். கப்பல் எங்க நிக்கி, கரை எங்க இருக்கு, எல்லாம் தெளிவாத் தெரியுது. பெரிய தூரம் இல்ல தம்பி. நீந்திரலாம். சின்னப் புள்ளைல நான் அவன ஹார்பர் பக்கம் கூட்டிட்டுப் போய்த் தண்ணில தள்ளி விட்டேன். கத்துனான், ரெண்டு வாய் தண்ணி குடிச்சான், பொறவு தன்னால மெதந்துட்டான். தூத்துக்குடிக்காரன் நீச்சல் தெரியாம இருப்பானா? அவ சொல்லுவா, அதுக்குப் பொறவு அவன் இடுப்புக்கு மேல தண்ணில எறங்குனதே இல்லன்னு. தாய்க்கு எல்லாம் தெரிஞ்சிருமா? ஆம்பளப் புள்ள எங்க போறான், எங்க குளிக்கான்னு வீட்டுக்கு வந்து சொல்லிட்டா இருப்பான்?

நான் எறங்கி வந்து அவகிட்ட ஆசையாச் சொன்னேன், மேல இருந்து பாத்தா கரை பக்கத்துலதான் தெரியுது புள்ளன்னு. அவ கீழ படியிலயே ஒக்காந்துருந்தா, மேல வரவே இல்ல. என்னைய நிமிந்து பாத்தா. "ஏங்க, ராத்திரி வெளிச்சம் மட்டும்தான் தெரியும். தூரம் தெரியாது"ன்னா. அவ்வளவுதான் நேத்து பூராம் அவ பேசுன பேச்சு.

சாயங்காலம் பின்கடற்கரை. அது நீளமான கடற்கரை, கூட்டம் பாத்தீயளா, ஊரே தண்ணிலதான் கெடக்கு. ரப்பர் வளையத்துல புள்ளைக மெதக்குதுக. அதுக்குள்ள ஒருத்தன் எனக்கு முதுகக் காட்டிட்டு நிக்கான். அதே தோளு. அதே மாதிரி இடது பக்கம் சாஞ்சு நிக்கான். ரெமின்னு கூப்டேன். திரும்பல்ல. அலைச் சத்தத்துல கேட்டுருக்காது. அதான் ஓடுனேன். கையப் புடிச்சுத் திருப்புனா, வளையம் வாடகைக்கு விடுத பையன். பயந்து போயிட்டான். பொறவு அவன்தான் என்னையக் கையத் தாங்கிக் கரைக்குக் கொண்டு வந்து விட்டான். நம்மாளுக சிரிச்சாவ. சிரிக்கட்டும். அவுகளுக்கு என்ன தெரியும்?

நீங்க மனசுக்குள்ள ஒண்ணு நெனைக்கீய, கேக்க மாட்டேங்கீய. உசுரோட இருக்கவன் ஒரு போன் பண்ண மாட்டானான்னுதான? எல்லாரும் அதத்தான் கேக்காவ. அதுக்கும் பதில் இருக்கு. அவன் என் மேல கோவமா இருக்கான். கோவமா இருக்கவன் எப்படிப் பேசுவான்? பேசாததுதான் தம்பி அடையாளம்.

முதல் தடவ கப்பல்ல போயிட்டு வந்தவன், இனி போக மாட்டேன்னான். ராத்திரி கடலப் பாத்தா பயமா இருக்குன்னான். ஒரு ஆம்பள சொல்லுத பேச்சா இது? கூட்டாளிகூடச் சேந்து டூ வீலர் ஒர்க் ஷாப்பு போடப் போறேன்னு சொல்லுதான். நான் வாழ்நாள் பூராம் கப்பலுக்குச் சரக்கு ஏத்தி எறக்குனவன், ஒரு நாளும் கப்பல்ல போனதில்ல. எம்மவன் போறான்னு நான் ஹார்பர் பூராம் சொல்லி வச்சிருக்கேன். இவன் கிரீஸ் துணிய இடுப்புல செருகிட்டு நம்ம தெரு மொனைல ஒக்காரப் போறானாம். சொல்லிட்டேன். "கப்பலுக்குப் போறதுன்னா போ. இல்லன்னா இந்த வாசப்படிய மிதிக்காத"ன்னுட்டேன். எந்த அப்பன் சொல்லாதத நான் சொல்லிட்டேன்? பெத்த புள்ளைய நாலு வார்த்த கண்டிக்க உரிம இல்லையா? மறு வாரம் பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டான். ஸ்டேஷனுக்கு நானும் போனேன், அவன் என் மூஞ்சியப் பாக்கல்ல. அதுல இருந்து போன்ல அவன் அம்மகிட்ட மட்டும்தான் பேசுவான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு வந்த ஒடனே. நான் பக்கத்துலயே ஒக்காந்துருப்பேன். "அப்பாட்ட குடுக்கவா"ம்பா. அவன் வச்சிருவான்.

வைராக்கியக்காரன். என் ரத்தம்லா, வேற எப்படி இருப்பான்?

அவ என்ன கேக்கா தெரியுமா? "ஒங்க மேல கோவம், சரி. எனக்கு ஏன் பேசல்ல?" இதுக்கும் நான் பதில் வச்சிருக்கேன். அவகிட்டப் பேசுனா எனக்குத் தெரிஞ்சு போயிரும்லா? கப்பல விட்டு ஓடிட்டான்னு தெரிஞ்சா அப்பன் வீட்ல சேக்க மாட்டான்னு பயம் இருக்கும்லா? அதான் பேசல்ல. நான் இத எடுத்துச் சொன்னா அவ எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருதா. நியாயத்தச் சொன்னா கேக்கணும்லா, தம்பி?

இன்னைக்குக் காலைல அந்த மீன் கோயிலுக்குப் போனோம்லா. நீங்க வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தீய. உள்ள நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்குள்ள திமிங்கிலத்து எலும்ப அடுக்கி வச்சிருக்காவ. வீட்டு உத்திரம் மாதிரி ஒவ்வொரு எலும்பும். நம்ம கைடு புள்ள, அந்த ஹான், நம்மாளுகளுக்கு வாயில நொழையாம அனுன்னே கூப்டுதாவ, அவதான் கதை சொன்னா. இந்த ஊரு மீன்காரங்களுக்குத் திமிங்கிலம் சாமியாம். செத்துக் கரை ஒதுங்குச்சுன்னா, எவன் முதல்ல பாக்கானோ அவன்தான் அதுக்கு மூத்த மகனாம். தலைல வெள்ளத் துணி கட்டி, மகன் செய்யுத மொற அத்தனையும் செஞ்சு, அடக்கம் பண்ணி, துக்கம் காப்பானாம்.

நம்மாளுக ஆச்சரியப்பட்டுட்டு வெளிய போயிட்டாவ. இவ போகல்ல. அந்தப் புள்ள கையப் புடிச்சுகிட்டு இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டா. மீனுக்கு இவ்வளவு செய்யுதீயளே, கடல்ல மனுசன் கெடந்தா என்ன செய்வீய? எனக்கும் அது வெளங்குச்சு. அந்தப் புள்ள முழிச்சிட்டு, அங்க ஊதுவத்தி சாம்பலக் கூட்டிட்டு இருந்த ஒருத்தனக் கூப்ட்டுக் கேட்டா. அவன் வெளக்கமாத்தச் செவத்துல சாச்சு வச்சிட்டு வந்தான். விட்டுட்டு வர மாட்டோம், விட்டுட்டு வந்தா படகுக்கு ஆகாது, ஊரு பேரு தெரியாட்டாலும் கரைக்குக் கொண்டு வந்து அடக்கம் பண்ணுவோம்னு சொன்னானாம். அவன் தம்பி வலைப் படகு வச்சிருக்கானாம். போன தடவ, தை மாசம் வார இவுக புத்தாண்டுக்குக் கொஞ்சம் முந்தி, தம்பி படகுல ஒண்ணு கெடச்சுதாம்.

ஒண்ணு கெடச்சுதாம். அதுக்கு என்ன? கடல்னா கெடைக்கத்தான் செய்யும். எத்தன நாட்டுக் கப்பல் வருது, எத்தன படகு போவுது. போலீசு வந்து பாத்தாவளாம், யாருன்னு தெரியல்லியாம், யாரும் தேடி வரல்லியாம். அவன் பாட்டுக்கு அவன் பாஷைல சொல்லிட்டே வாரான், அந்தப் புள்ள இங்கிலீஷ்ல சொல்லுதா, இவ கண்ணக் கொட்டாமக் கேக்கா. அப்ப அவன் கழுத்துல கைய வச்சுக் காட்டுனான். நூல் மாதிரி இப்படி, முன்னால ஒரு துண்டுத் துணி, பின்னால முதுகுல ஒரு துண்டுத் துணி. தவிட்டு நெறம்.

ஒங்களுக்குத் தெரியாது, அது உத்தரியம். கர்மேல் மாதா உத்தரியம். எங்க புள்ளைகளுக்கு முதல் நற்கருணை வாங்குத புதுநன்மை அன்னைக்கு சாமியார் கழுத்துல போடுவாரு, பொறவு கழட்ட மாட்டோம். நானும் போட்ருக்கேன், இந்தா. அவ கை தன்னால அவ கழுத்துக்குப் போச்சு. அவளோட உத்தரியத்த வெளிய எடுத்து அவனுக்குக் காட்டுனா. அவன் பாத்தான். ஆமான்னு தலைய ஆட்டுனான்.

நான் ஒடனே சொன்னேன். இந்த ஊர்லயும் கிறிஸ்தவங்க இருக்காங்க புள்ள, மலை மேல அவ்வளவு பெரிய சேசு நிக்காரே, கோயிலுக்குக் கோயில் உத்தரியம் விப்பான், இந்த ஊர்க்காரன் எவனாவது இருப்பான்னு. நியாயமான பேச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க. அவ காதுலயே வாங்கல்ல. அந்தப் புள்ளையப் பாத்து மெதுவாக் கேட்டா. அவர் தம்பி தலைல வெள்ளத் துணி கட்டுனாரான்னு.

அந்தப் புள்ள கேட்டா. அவன் சொன்னான். கட்டுனான்னு. மாசம் தவறாம அந்தக் கல்லறைக்குப் போய் ஊதுவத்தி வச்சிட்டுத்தான் கடலுக்குப் போறான்னு. இவ ரெண்டு கையையும் எடுத்து அவனக் கும்பிட்டா. அந்தக் கோயில் கூட்டுதவனும் என்னன்னு வெளங்காமத் திருப்பிக் கும்பிடுதான்.

பொறவு என் பக்கம் திரும்புனா. "வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்"னா.

"எவனோ ஒருத்தன் கல்லறைக்கு நான் எதுக்கு வரணும்?"

"எவனா இருந்தா என்ன. அவனுக்கும் ஒரு பெத்தவ இருப்பால்லா."

நான் மாட்டேன்னுட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னும் பின்கடற்கரைல பாதி தெருவுக்குப் போட்டோவக் காட்டல்ல, அந்தப் பக்கம் ஒர்க் ஷாப்பு நெறைய இருக்குன்னு சொன்னாவ, இருக்க நேரத்த இதுல போய்ப் பாழாக்கவான்னு கத்திட்டேன். அவ கத்தல்ல. அந்தப் புள்ள ஸ்கூட்டர எடுத்துட்டு வந்தா. இவ சேலைய இழுத்துச் செருகிகிட்டு, ஹெல்மெட்ட மாட்டிகிட்டு பின்னால ஏறி ஒக்காந்துட்டா. என் வீட்டுக்காரி, தூத்துக்குடில ஆட்டோல ஏறவே ரெண்டு தடவ யோசிக்கவ. திரும்பி ஒரு பார்வ என்னையப் பாக்கல்ல தம்பி. போயிட்டா.

நான் பின்கடற்கரைக்குப் போனேன். கட கடையா ஏறி எறங்குனேன். ஒரு ஒர்க் ஷாப்புல ஒருத்தன் படுத்துகிட்டு வண்டிக்கு அடில வேல பாக்கான், கால் மட்டும் தெரியுது.  ரெமின்னு கூப்டல்ல. இந்தத் தடவ கூப்டல்ல. அவன் தானா வெளிய வரட்டும்னு நின்னேன். வந்தா என்ன சொல்லணும்னு நெனச்சுப் பாத்தேன். வாய்ல ஒண்ணும் வரல்ல. பெத்தவன் நான், அவனத் தேடி இவ்வளவு தூரம் வந்து நிக்கேன், அவன்தான பேசணும்? நான் எதுக்கு முதல்ல பேசணும்? அவன் வந்தான். நாப்பது வயசு ஆளு, மீசையில நர. ஸ்டூல எடுத்துப் போட்டு, ஒக்காரச் சொன்னான். ஒக்காந்தேன். ரொம்ப நேரம் அங்கனதான் ஒக்காந்துருந்தேன். மேனேஜர் போன் மேல போன் பண்ணித்தான் வந்தேன்.

நான் பஸ்ஸுல ஏறும்போது அவ வந்து ஒக்காந்துருந்தா. அந்தப் புள்ள, ஹான், வாசப்பக்கம் நின்னு கண்ணத் தொடச்சிட்டு இருந்தா, என்னையப் பாத்ததும் குனிஞ்சுகிட்டா. இவ அழல்ல. சேலை ஓரமெல்லாம் செம்மண்ணு. முட்டுப் பக்கம் ஈரம். மூஞ்சி கழுவி, தல சீவி, எண்ணெ வச்ச மாதிரி தெளிவா இருந்தா. அத்தன நாளு கழிச்சு அப்படி ஒரு மூஞ்சி. எனக்கு அதப் பாக்கவும் பத்திகிட்டு வந்துச்சு. நான் பக்கத்துல போய் ஒக்காந்தேன். அவ என் கையப் புடிச்சா. என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் கைய உருவிகிட்டு, "அடுத்த வருசமும் இதே டூர்ல வருவோம். ஒரு ராத்திரி பத்தாது, தேடுததுக்கு"ன்னேன்.  பொறவுதான் அவ எந்திரிச்சு ஒங்க எடத்துக்கு வந்தா.

இப்ப அங்க எட்டிப் பாருங்க. ஒங்க வீட்டுக்காரி தோள்ல சாஞ்சு தூங்குதா. வாயத் தொறந்துகிட்டு, சின்னப் புள்ள மாதிரி. பதினோரு மாசமா எங்க வீட்ல ராத்திரின்னு ஒண்ணு கெடையாது தம்பி. அவ ஒரு மூலைல ஒக்காந்துருப்பா, நான் ஒரு மூலைல ஒக்காந்துருப்பேன். மாத்திர குடுத்தாலும் தூங்குனதில்ல. இப்ப எப்படித் தூங்குதா? எப்படி அவளால தூங்க முடியுது?

ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா? எடம் மாத்தும்போது? இல்ல, இருங்க. வேண்டாம். தலைய ஆட்டாதீய. சொல்லாதீய.

சைகோன்ல எறங்குனா ரூம்ல நாங்க ரெண்டு பேருதான். நீங்க இருக்க மாட்டீய, கூட்டம் இருக்காது. அவ எந்திரிச்சிருவா. எந்திரிச்சுக் கட்டில்ல ஒக்காந்து, நான் எப்ப கேப்பேன்னு பாத்துட்டு இருப்பா. எனக்குத் தெரியும் அவள. நானா கேக்காம அவ வாயத் தொறக்க மாட்டா, அந்த மட்டுக்கு நல்லவ. அவ இருக்கட்டும் அப்படியே. நான் கேக்க மாட்டேன். கேட்டா சொல்லிருவா தம்பி.